சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

என் அத்தை மகள் லண்டனில் இருக்கிறாள். போன டிசம்பரில் அத்தை முதல்முறையாகத் தனியாக விமானம் ஏறக் கிளம்பினார். டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா, காலைல அஞ்சரைக்குக் கிளம்பி பதினொரு மணிக்கு லண்டன்னு போட்டிருக்கு. அஞ்சரை மணி நேரம்தானா? மதுரைக்கு பஸ்ல போனாலே எட்டு மணி நேரம் ஆகுதே!" நான் வாய் திறப்பதற்குள் திரும்பி வரும் டிக்கெட்டையும் பார்த்துவிட்டார். லண்டனில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி, மறுநாள் விடிகாலை நாலரைக்குச் சென்னை. "வரும்போது மட்டும் பதினஞ்சரை மணி நேரமா? அதே வழிதானே, அதே விமானம்தானே?"

கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால் கடிகாரம், உருண்டை பூமி, காற்று, போர் என்று வரிசையாக எல்லாம் வந்து நிற்கும். அத்தைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம், ஏனென்றால் அதுதான் சுலபம். டிக்கெட்டில் இருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரத்தில், சேரும் நேரம் லண்டன் கடிகாரத்தில். டிசம்பரில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 11 என்றால் இங்கே மாலை 4:30. ஆக அத்தையின் பயணம் காலை 5:30 முதல் மாலை 4:30 வரை, அதாவது 11 மணி நேரம். திரும்பி வரும்போது கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்: லண்டனில் மதியம் 1 மணி என்றால் இங்கே மாலை 6:30, அங்கிருந்து விடிகாலை 4:30 வரை 10 மணி நேரம். அஞ்சரையும் இல்லை, பதினஞ்சரையும் இல்லை.

இதிலேயே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். ஐந்தரை என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் ஏப்ரலில் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பும்போது ஒரு மணி நேரம் தப்பு செய்வார்கள். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.

சரி, கடிகாரக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் போக 11, வர 10 என்று ஒரு மணி நேரம் இன்னும் உதைக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால் தூரத்தைப் பார்த்துவிடலாம்.

இணையத்தில் தேடினால் சென்னை விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே சுமார் 8,230 கிலோமீட்டர் என்று வரும். இது யாரும் அளந்து பார்த்த தூரம் இல்லை, கணக்குப் போட்டு வந்த தூரம். பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்று கிடைத்தால் ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து, இன்னொரு முனையை லண்டனில் வைத்து, நூலை விறைப்பாக இழுங்கள். நூல் தானாக எந்தப் பாதையில் போய் உட்காருகிறதோ அதுதான் உருண்டையின் மேல் மிகக் குறைந்த தூரம். கணக்கில் இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள், ஏனென்றால் அந்தக் கோட்டை அப்படியே நீட்டிக்கொண்டே போனால் பூமியைச் சரிபாதியாக வெட்டும் ஒரு பெரிய வட்டம் கிடைக்கும். சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே அந்த வட்டத்தில் 74 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பெருக்கினால் 8,200 சொச்சம் வந்துவிடும். விமானிகளின் அளவான கடல் மைலும் இந்த வட்டத்திலிருந்து வந்ததுதான். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல், இன்றைய கணக்கில் 1.852 கிலோமீட்டர். இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் சில நேரம் கிலோமீட்டர், சில நேரம் மைல் என்று மாறி மாறி வரும்போது எண் வேறு வேறாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம்.

11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடும், மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துப் பதினான்கு கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடலாம்.

சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடம்தான் நம் எல்லோரையும் ஏமாற்றுவது. உருண்டையான தோலை உரித்துத் தட்டையாக விரித்தால் எங்கேயாவது கிழியும், இல்லையென்றால் எங்கேயாவது இழுபடும். நாம் அதிகம் பார்க்கும் வரைபடத்தில் துருவங்களை நோக்கிப் போகப் போக நிலம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல பதினான்கு மடங்கு. அந்த வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது ஓமன் வளைகுடா, ஈராக், துருக்கி என்று போகும், நீளம் சுமார் 8,480 கிலோமீட்டர். நூல் காட்டும் பாதையோ ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத் தாண்டி, பாகிஸ்தான், ஈரான் வழியாகக் காஸ்பியன் கடலைக் கடந்து, ரஷ்யாவின் தென்மேற்கு மூலையைத் தொட்டு, உக்ரைன், போலந்து, ஜெர்மனி என்று வடக்கே வளைந்து போகும். சரிபாதித் தூரம் எங்கே வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அஜர்பைஜானின் பாகு நகரத்துக்குத் தெற்கே, காஸ்பியன் கடல் தண்ணீருக்கு மேலே. சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவில் இருக்கும் ஊர் எது என்று கேட்டால் நான் துபாய் என்று சொல்லியிருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்த 8,230 கிலோமீட்டர் பாதையில் இன்றைக்கு விமானம் போவதில்லை. மேலே சொன்ன நாடுகளின் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதே மாதத்தில் பிரிட்டன், ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யாவும் தன் வானத்தை அடைத்துவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குக் கதவைச் சாத்தியது. ஈரான், ஈராக் பக்கம் சண்டை மூண்டால் அன்றைக்கே பாதை மாறும். அதனால் சென்னை–லண்டன் விமானம் பெரும்பாலும் அரபிக்கடல் மேலேறி, மேற்காசியாவைக் கடந்து, துருக்கிப் பக்கமோ இன்னும் தெற்காகவோ சுற்றிக்கொண்டு போகிறது, சில நூறு கிலோமீட்டர் கூடுதலாக. கடைசியில் பார்த்தால் ஸ்கேல் வைத்துப் போட்ட தப்பான கோட்டுக்குப் பக்கத்தில்தான் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் ரொம்ப அடிபட்டது ஹெல்சின்கி–டோக்கியோ பயணம். பின்லாந்திலிருந்து ரஷ்யாவுக்கு மேலே நேராகப் போய் ஒன்பதரை மணி நேரத்தில் ஜப்பானில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வட துருவம் வழியாகவோ, தெற்கே சுற்றியோ பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்து போகிறார்கள். ஊர்கள் நகரவில்லை. உருண்டையில் நூல் பிடித்தால் அதே தூரம்தான்.

அப்புறம் வேகம். தூர தேசத்துக்குப் போகும் இன்றைய பெரிய விமானங்கள் மேலே ஏறி நிலைத்தபின் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரம், மேலே ஒன்பது நிமிடம். டிக்கெட்டில் பத்தும் பதினொன்றும் போட்டிருக்கிறதே? சுற்றிப் போவதில் கொஞ்சம், ஏறி இறங்கும்போது மெதுவாகப் போவதில் கொஞ்சம், தரையில் ஊர்வதில் கொஞ்சம். ஆனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று பிரிப்பது காற்று.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது, சென்னை இருக்கும் இடத்தில் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் விமானம் சும்மா மேலே எழும்பி நின்றாலே லண்டன் தானாகச் சுழன்று காலடிக்கு வந்துவிடாதா, மேற்கே போவதுதானே சீக்கிரம் முடிய வேண்டும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரூபாய்க் காசை மேலே சுண்டிப் பாருங்கள். காசு உங்கள் கைக்கேதான் திரும்பி வரும், பின்சீட்டுக்காரர் மடியில் போய் விழாது, ஏனென்றால் காசும் ரயிலோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. விமானமும் அது மிதக்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. நேரடியாக அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

மறைமுகமாக மட்டும் உண்டு. நிலநடுக்கோட்டுப் பக்கம் வெயில் அதிகம், துருவப் பக்கம் குளிர் அதிகம். இந்த வெப்ப வித்தியாசத்தால் நகரும் காற்றைப் பூமியின் சுழற்சி ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. விளைவாக, ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், சரியாக விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. பாடப்புத்தகத்தில் ஜெட் காற்றோட்டம் என்று இருக்கும். நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம், சில குளிர்கால நாட்களில் நானூறைத் தாண்டும். இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர், 1920-களில் பலூன்களை மேலே விட்டுப் பார்த்து. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார் மனிதர். உலகம் முழுக்க யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மீது குண்டு போட உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் தாங்களாகவே மாட்டித் திண்டாடினார்கள்.

ஆற்றில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லவே வேண்டாம். கை வீசும் வேகம் ஒன்றுதான். வெள்ளத்தோடு போனால் கரை சட்டென்று நகரும், எதிர்த்துப் போனால் நகராது. விமானத்தின் 900 கிலோமீட்டர் என்பது காற்றுக்குள் அது போகும் வேகம். நமக்கு வேண்டியது தரைக்கு மேலே அது நகரும் வேகம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரை மேல் 1,000, முன்னாலிருந்து தள்ளினால் 800. தூரம் 8,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 8 மணி நேரம், மறுபக்கம் 10. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: போக வர மொத்தம் 18 மணி நேரம் ஆகிறது. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடத்தில் முடிந்திருக்கும். போகும்போது பிடுங்கிக்கொண்டதை வரும்போது காற்று முழுசாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, ஏனென்றால் எதிர்க்காற்றில் நாம் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் அதிகம்.

2020 பிப்ரவரியில், ஐரோப்பாவை ஒரு பெரும் புயல் அடித்த வார இறுதியில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் பயணம். தரை மேல் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் பறந்துவிட்டது என்று உடனே செய்தி பரவியது, அது சரியில்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது எப்போதும் போகும் வேகத்தில்தான் போனது. காற்றுதான் அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

காற்றை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ. உருண்டையில் நூல் பிடித்தால் சுமார் 12,400 கிலோமீட்டர். பாதை இமயமலை, திபெத் தாண்டி, சைபீரியா, ஆர்க்டிக் என்று போகும். திபெத்துக்கு மேலே பறப்பதை விமானங்கள் முடிந்தவரை தவிர்க்கும். ஏதாவது கோளாறாகிக் கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் உள்ள ஆக்சிஜன் கால் மணி, இருபது நிமிடத்துக்குத்தான் வரும். அதற்குள் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும், திபெத்தில் தரையே நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஏர் இந்தியா 2015 இறுதியில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது மேற்கே, ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் போனது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பாதையைக் கிழக்கே, பசிபிக் வழியாக மாற்றினார்கள். தூரம் 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடிப்போனது, பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினாலரைக்கு வந்தது. பின்காற்று அவ்வளவு வேலை செய்தது. திரும்பும்போது அட்லாண்டிக் வழி, அதுவும் கிழக்கு நோக்கியேதான். போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிய கணக்கு.

மேற்கே போனால் எப்போதும் எதிர்க்காற்று என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், நம் தென்னிந்தியாவில் அது தலைகீழாகும் மாதங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், நம் தலைக்கு வெகு உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். இந்தக் கீழைக் காற்றோட்டத்தைக் கண்டு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிவியலாளர் பி. கோட்டீஸ்வரம், 1950-களில். அதன் நடுமையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான் ஓடுகிறது. ஆனாலும் ஜூலையில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கு முதல் சில மணி நேரம் லேசாக முதுகில் தட்டிக்கொடுக்கும்.

ஒரு ஊருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று நீங்களே மதிப்பிட வேண்டுமானால், நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டிக்கொள்வது. சென்னை–சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கணக்குப்படி நாலேகால் மணிக்குக் கொஞ்சம் குறைவு, உண்மையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகிறது. லண்டனுக்கு பத்தேமுக்கால் வரும். கொழும்பு 650 கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 355 கிலோமீட்டர்தான், கொழும்புத் தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்; ஆனால் அங்கே போவது இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் ரக விமானம், அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். எனவே இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிறது.

துபாய் வழியாகப் போனால் ரொம்பச் சுற்றா? அத்தையின் டிக்கெட் எடுக்கும்போது வீட்டில் இதற்கு ஒரு பெரிய விவாதமே நடந்தது. சென்னை–துபாய் சுமார் 2,930, துபாய்–லண்டன் சுமார் 5,500, கூட்டினால் 8,430. நூல் பிடித்த நேர்ப்பாதையைவிட வெறும் 200 கிலோமீட்டர் அதிகம், கால் மணி நேரப் பறப்பு. வளைகுடா விமான நிலையங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு எண்ணெய்ப் பணம் மட்டும் காரணமில்லை, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பாதையில் அவை உட்கார்ந்திருக்கும் இடமும் காரணம். நேரம் போவதெல்லாம் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குவதிலும், நடுவே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதிலும்தான். அது இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒன்பது மணி நேரமாகவும் இருக்கலாம். டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், அந்த இடைவேளையைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. டிக்கெட்டில் உள்ள 11 மணி நேரம் பறக்கும் நேரம் அல்ல. இங்கே நிறுத்துமிடத்திலிருந்து விமானம் பின்னுக்கு நகரத் தொடங்கியதிலிருந்து, அங்கே நிறுத்துமிடத்தில் போய் நிற்பது வரை. ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். போதாததற்கு, தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைத்திருக்கும். அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குச் சேர்வது விமானியின் சாமர்த்தியத்தால் மட்டும் நடப்பதில்லை.

அத்தை போய்ச் சேர்ந்த அன்று இரவு போன் செய்தார். சாப்பாடு சுமார், பக்கத்து சீட்டில் திருச்சிக்காரப் பையன், நல்ல பிள்ளை. அப்புறம், "கீழ ஊரு தெரியுதுடா, இறக்க மாட்டேங்கிறான். ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வந்தான், கால் மணி நேரம். வழி தெரியலையோன்னு பயந்துட்டேன்."

வழியெல்லாம் தெரியும் அத்தை என்றேன். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதை, இறங்க வருகிறவர்கள் ஏராளம். லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில், பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்று பெயர், விமானங்களை இட்லித் தட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வட்டம் போட வைப்பார்கள். கீழ்த்தட்டில் இருப்பது இறங்கப் போனதும் மேலே உள்ளவை ஒவ்வொரு தட்டாக இறங்கி வரும். உங்கள் முறை வரும்வரை சுற்ற வேண்டியதுதான்.

"அந்தச் சுத்தினதையும் அந்த எட்டாயிரம் கிலோமீட்டர்ல சேர்த்திருக்கானா?" என்று கேட்டார் அத்தை.

இல்லை.